அண்ணன் நம்பரில் வந்த பாட்டு

ஆகஸ்ட் 6, புதன்

காலையிலேயே வெயில். காற்று மட்டும் ஆடிக் காற்று. மாடியில் காயப்போட்ட தலையணை உறை பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். எடுக்கணும்.

இன்றைக்கு முடிக்க வேண்டியது: வீட்டிலிருந்தே நான் செய்கிற ஆப்பின் கடைசிப் பக்கம். இரண்டு வாரமாக இதே பக்கம். ஃபோனில் மாதாமாதம் தானாகப் பிடித்துக்கொண்டு போகிற சந்தா எல்லாம் வரிசையாக வரணும். வேண்டாததைத் தொட்டால் போயிடணும். சொல்வதற்கு இவ்வளவுதான்.

தொடுகிற பொத்தானில் என்ன எழுத? "ரத்து செய்", தாலுகா ஆபீஸ் வாசனை. "விலகு", யாரையோ ஓரம் போகச் சொல்கிற மாதிரி. "வேண்டாம்" எனக்குப் பிடித்தது, மேனேஜர் ஷ்யாமுக்குப் பிடிக்கவில்லை. அம்மாவிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டே, "இன்னாத்துக்குச் சுத்தி வளைக்கிற? நிறுத்துன்னு போடு" என்றாள். போட்டேன். சென்னை ஆபீஸில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

மதியம் ஷ்யாம் ஃபோனில்: "வனிதா, ஆபீஸ் ஃபோன்லயே டெஸ்ட் பண்ணிட்டு இருந்தா எப்படி? நெஜ மனுஷன் யூஸ் பண்ண ஃபோன் வேணும். கண்டதுக்கும் சந்தா கட்டி மறந்துபோன ஆள் யாராவது உங்க வீட்ல இருக்காங்களா?"

இருந்தான். அவனைப் பார்த்துத்தான் இந்த ஆப் யோசனையே வந்தது. "முதல் மாதம் இலவசம்" என்று எதைப் பார்த்தாலும் முரளி அண்ணன் அமுக்கிவிடுவான். இரண்டாம் மாதம் மறந்துவிடுவான். மூன்றாம் மாதம் என்னிடம் வந்து, "இது இன்னாடி, என்னைக் கேக்காம எடுத்துகினே இருக்கான்" என்பான். போன வருஷம் காகிதத்தில் வரைந்து அவனிடம்தான் முதலில் காட்டினேன். விரலால் காகிதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். "ஆங், இது எனக்குன்னே பண்ண மாதிரி கீது."

மாசியில் போய்விட்டான். வேலைக்குப் போகிற காலை ரயிலில், ஜன்னலோரம், உட்கார்ந்தபடியே. எதிர் சீட்டுக்காரர் தூங்குகிறான் என்றுதான் நினைத்தாராம். நாற்பதுகூட ஆகவில்லை.

சாயங்காலம் தயங்கித் தயங்கிப் பத்மா அண்ணியிடம் கேட்டேன். "அண்ணா ஃபோன் இருக்கா அண்ணி? வேலைக்குக் கொஞ்சம்." பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு நடுவிலிருந்து எடுத்துக் கொடுத்தாங்க. சார்ஜ் முழுசாக இருந்தது. ஆறு மாதமாக யாரும் தொடாத ஃபோன்.

"அத்தம்மா கண்ணுல காட்டாதே வனி" என்றாங்க, எங்கள் அம்மாவைச் சொல்லி. அவ்வளவுதான்.

தலையணை உறை இன்னும் முருங்கையிலேயே.


ஆகஸ்ட் 7, வியாழன்

ஆப்பை அண்ணன் ஃபோனில் ஏற்றினேன். நன்றாகவே வேலை செய்கிறது. இரண்டு சினிமா ஆப். காலர் ட்யூன். பாட்டு ஆப். ஃபோட்டோ சேமிக்கிற இடம். அவன் மகள் தன்யாவுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கிற ஆப் (அவள் ஒன்றாம் வகுப்பே போய்விட்டாள்). யோகா என்று ஒன்று. அவனும் யோகாவும்! சிரித்துவிட்டேன். பிறகு அழுகை.

திரை நடுவில் நாங்களே எழுதி வைத்த வாசகம்: "வணக்கம் முரளி! இவற்றில் எது இன்னும் உங்களுக்குத் தேவை?" பெயரை ஃபோனே எடுத்துக்கொள்கிறது. அந்த யோசனையும் என்னுடையதுதான். மூடி வைத்துவிட்டுக் காபி போட்டேன்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் மேஜை மேல் ஃபோன் அதிர்ந்தது. திரையில் "அம்மா".

எங்கள் அம்மா பின்பக்கம்தானே இருக்கிறாள்? தெரியாமல் கை பட்டிருக்கும் என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். துணி துவைக்கிற கல் மேல் உட்கார்ந்திருக்கிறாள். குளித்த ஈரத் தலை. பட்டன் ஃபோன் காதில். கண் மூடியிருக்கிறது. உதடு மட்டும் மெதுவாக அசைகிறது.

பாட்டு. அண்ணன் வைத்த காலர் ட்யூன். காவடிப் பாட்டு ஒன்று, யாரோ ஊர்ப் பக்கத்து ஆள் உடுக்கையோடு பாடினது. அவனுக்கு யார் ஃபோன் செய்தாலும் முதலில் அந்த ஆள் குரல்தான் வரும். "டேய், பாட்ட மாத்துடா, ஆபீஸ்ல கூப்டா இன்னா நெனப்பாங்க" என்று அம்மாவே திட்டியிருக்கிறாள்.

அதிர்ந்து அதிர்ந்து நின்றது. அம்மா ஃபோனை முந்தானையில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு, துணியை அலச ஆரம்பித்தாள்.

எனக்கு வேலை ஓடவில்லை.


ஆகஸ்ட் 8, வெள்ளி

தன்யாவை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அண்ணியிடம் கேட்டேன்.

"தெனமும் பண்றாங்க" என்றாங்க அண்ணி. "காரியம் முடிஞ்ச மறுநாள்லேர்ந்து. அதுக்குத்தான் சார்ஜ் போட்டு வெக்கிறேன். ஆஃப் ஆயிட்டா பாட்டு வராதே."

"ரீசார்ஜும் நீங்களா?"

"பின்ன?"

அம்மாவுக்கு ஃபோன் வீட்டில் இருப்பதே தெரியாது. அன்றைக்கு ரயிலில் பை, ஃபோன் எல்லாம் போய்விட்டதாகத்தான் எல்லோரும் நினைத்தோம். கூடப் பயணம் செய்கிறவர் ஒருத்தர் கொஞ்ச நாள் கழித்துத் தேடிக்கொண்டு வந்து அண்ணி கையில் கொடுத்தார். எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

வழியில் கூட்டம். முருகன் மலைக்கோயிலில் ஆடிக் கிருத்திகை நெருங்குகிறது. பந்தல் கால், தண்ணீர்த் தொட்டி, மஞ்சள் துணிக் கடைகள். அண்ணி தலையைக் குனிந்துகொண்டே நடந்தாங்க. கொஞ்ச தூரம் போனதும் (அண்ணனை அவங்க 'பாவா' என்பாங்க):

"மொதல்ல சத்தத்துல வெச்சிருந்தேன். அடிச்சதும் ஓடுவேன், பாவாவைத் தேடி யாரோ பண்றாங்கன்னு. அப்புறம் வைப்ரேஷன்ல போட்டேன். பீரோவே அதிரும் வனி. எடுத்துடலாமான்னு இருக்கும். எடுத்து இன்னா சொல்றது?"

ஒரே வீடு. ஒருத்தி கல் மேல் உட்கார்ந்து பாட்டு கேட்கிறாள். இன்னொருத்தி பீரோ பக்கத்தில் நின்று அந்த அதிர்வைக் கேட்கிறாள். நான் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு மீட்டிங்கில்.

கேஸ் புக் பண்ண மறந்தாச்சு.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆந்திராப் பக்கம் நகரியிலிருந்து அண்ணியின் தம்பி லோகேஷ் வந்தான். மாம்பழம் ஒரு பை, சீசன் கடைசிக் காய். சாப்பிட்டு முடிக்கிற வரை ஊர்க்கதை. பிறகு விஷயத்தைச் சொன்னான். புத்தூர் பக்கம் ஒரு தனியார் ஸ்கூலில் அண்ணிக்கு டீச்சர் வேலை. தன்யாவுக்கும் அங்கேயே இடம். ஆடி முடிந்ததும் வந்துவிடணும்.

அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வருஷ திதி வரைக்கும் இருந்துட்டுப் போலாமே."

"இஸ்கூலு காத்துகினு இருக்காது அத்தம்மா. அக்காவும் எத்தினி நாளு ரூமுக்குள்ளயே ஒக்காந்துகினு இருப்பா?"

"நான் இன்னா கட்டியா போட்டு வெச்சிருக்கேன்?"

"நான் அப்டி சொல்லலீங்க."

அண்ணி எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாங்க. தன்யா மட்டும் மாம்பழக் கொட்டையைச் சப்பிக்கொண்டு, "மாமா, அங்க எனக்குத் தெலுங்குல பரீட்சை வெப்பாங்களா?" என்று கேட்டாள். முன்பல் ஆடுகிறது அவளுக்கு. கையை வாயிலிருந்து எடுக்க மாட்டேன் என்கிறாள்.

லோகேஷ் போனதும் அம்மா என்னிடம், அண்ணிக்குக் கேட்கிற மாதிரியே: "பையன்தான் போனான்னு பாத்தா, பேத்தியையும் தூக்கிகினு போறாங்க."

சமையலறைக் குழாய் ரொம்ப நேரம் திறந்தே இருந்தது.


ஆகஸ்ட் 11, திங்கள்

மீட்டிங். என் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். "நிச்சயமாகவா?" என்று இரண்டாம் முறை கேட்பதில்லை. ஒரே தொடுதல், முடிந்தது. தொட்ட வரி மறையும், கீழே உள்ள வரி மேலே நகர்ந்து அந்த இடத்தில் உட்காரும். "வழுக்கிகினு வர்றது அழகா இருக்கு" என்று எல்லோரும் பாராட்டு. சந்தோஷமாகத்தான் இருந்தது. எவ்வளவோ நாள் கழித்து.

ஷ்யாம்: புதன்கிழமைக்குள் அதை நிஜ ஃபோனில் செய்து வீடியோ எடுத்து அனுப்பணும். முதலீடு போடுகிறவர்களுக்குக் காட்டணுமாம்.

அண்ணன் ஃபோனில் எதை நிறுத்திக் காட்டலாம்? அண்ணியைக் கேட்டேன். "சினிமா ஆப் ரெண்டையும் எடுத்துடு. ஃபோட்டோவைத் தொடாதே. பாட்டைத் தொடாதே."


ஆகஸ்ட் 13, புதன்

எழுதவே கை வரவில்லை. எழுதணும்.

அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். என் ஃபோனைப் புத்தக அடுக்கின் மேல் நிறுத்தி வீடியோ ஓடவிட்டு, அண்ணன் ஃபோனைக் கீழே வைத்து, இரண்டாவது சினிமா ஆப் பக்கத்திலிருந்த "நிறுத்து"வைத் தொட்டேன். ஒன்றும் ஆகவில்லை. நெட் மெதுவாக இருந்தது. விரல் சரியாகப் படவில்லை போல என்று இன்னொரு தடவை தொட்டேன்.

அந்த நொடியில் வரி மறைந்தது. கீழே இருந்தது மேலே வழுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. என் இரண்டாவது தொடுதல் அதன் மேல் விழுந்தது.

காலர் ட்யூன்.

இரண்டாம் முறை எதுவும் கேட்கவில்லை. நான்தானே கேட்க வேண்டாம் என்றேன். மெசேஜ் வந்துவிட்டது: உங்கள் சேவை நிறுத்தப்பட்டது, நன்றி.

வீடியோவில் என் குரல் கேட்கிறது. "ஐயோ" என்று மட்டும்.

உடனே கஸ்டமர் கேர். இதை அமுக்கு, அதை அமுக்கு, கடைசியில் ஒரு பெண். "அந்தப் பாட்டு இப்ப எங்ககிட்ட இல்லீங்க மேடம். பழசா வெச்சிருந்தவங்களுக்கு மட்டும் ஓடிட்டு இருந்திருக்கும். ஒருவாட்டி நிறுத்திட்டா திரும்ப வராது. வேற முருகன் பாட்டு நெறைய இருக்கு, போட்டுத் தரட்டுங்களா?"

"வேற வேண்டாம்."

"சரிங்க மேடம். வேற ஏதாவது உதவி?"

நெட் முழுக்கத் தேடினேன். பாடினவர் பெயரே யாருக்கும் தெரியாது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் பாட்டு ஏற்றித் தருகிற கடைக்கு ஓடினேன். பாடிக் காட்டச் சொன்னார். முதல் இரண்டு வரி பாடினேன், நடுரோட்டில். "எங்கியோ கேட்டா மாதிரிதான் கீது" என்றார். இல்லை.

அம்மா தினமும் கேட்டாள். நாங்கள் யாரும் அதை ஒரு தடவைகூடப் பதிவு செய்து வைக்கவில்லை.

சாயங்காலம் ஃபோனைத் திருப்பிக் கொடுத்து அண்ணியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாங்க. கை நின்றது. திட்டுவாங்க என்று எதிர்பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து, "போயிடுச்சா" என்றாங்க. பிறகு மெதுவாக, "இனிமே அடிக்காதுன்னு மனசுக்குள்ள ஒரு நிம்மதி வருது வனி. நான் இன்னா பொம்பள?" என்று சொல்லி, மடித்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாங்க. அழுத சத்தம் வெளியே வரவேயில்லை.


ஆகஸ்ட் 14, வியாழன்

எழுந்ததிலிருந்து ஜன்னலோரமே நின்றேன்.

அம்மா குளித்துவிட்டு வந்தாள். கல் மேல் உட்கார்ந்தாள். அழுத்தினாள். காதில் வைத்தாள். கண்ணை மூடினாள்.

கண் திறந்தது. ஃபோனை எடுத்துப் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள். மறுபடி. பிறகு உள்ளே வந்து என்னிடம் நீட்டினாள்.

"இது கெட்டுப்போச்சா பாரு."

"ஏம்மா?"

"மணி மட்டும் அடிக்குது."

யாருக்குப் பண்ணினாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. "டவர் பிரச்சினையா இருக்கும்மா" என்றேன். வாய் அதைத்தான் சொன்னது. அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். நான் சொன்னால் நம்புவாள், படித்தவள் என்று.

ஷ்யாமுக்கு வீடியோவில் "ஐயோ"வுக்கு முன்னால் வெட்டி அனுப்பினேன். "சூப்பர்" என்று பதில்.

ஊருக்குள் பஸ் வரவில்லை, பைபாஸிலேயே திருப்பிவிடுகிறார்கள். தன்யாவுக்கு ஸ்கூல் லீவு. தெரு முழுக்கப் பம்பைச் சத்தம்.


ஆகஸ்ட் 15, வெள்ளி

வெயிலோடு தூறல். காவடி மேல் காவடி. மஞ்சள் தவிர வேறு நிறமே கண்ணில் படவில்லை. வருஷம் திரும்புகிற வரை நாங்கள் மலை ஏறக் கூடாது. ஒவ்வொரு வருஷமும் கிருத்திகைக்கு முந்தின பரணிக்கு அண்ணன்தான் தோளில் பூக்காவடி எடுப்பான். இந்த வருஷம் வாசலில் கோலம்கூட இல்லை. ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் வாசலோடு நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

அம்மா இன்றைக்கும் பண்ணினாள். முடித்துவிட்டு வந்து சாப்பிடவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளே பேசினாள். முதல் தடவை.

"உங்க அண்ணன் நம்பருக்குத்தான் பண்ணுவேன், தெனம். பாட்டு வரும். கேப்பேன். முடிஞ்சிரும், வெச்சிருவேன். இப்ப மணி அடிக்குதுடி. மணி அடிச்சா யாராவது எடுப்பாங்கன்னு தோணுது. வெக்க முடியல. இதோ எடுத்துருவான், இதோ எடுத்துருவான்னு இருக்குது."

சொல்லிவிடணும் என்று வாயைத் திறந்தேன். வாசலில் அரோகரா என்று ஒரு பெரிய கூட்டம். அம்மா எழுந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு நின்றாள். கூட்டம் போய் முடிகிற வரை. அதற்கப்புறம் என்னால் முடியவில்லை.


ஆகஸ்ட் 16, சனி. ஆடிக் கிருத்திகை

நடந்ததை நடந்தபடி.

காலை. அண்ணி ரூமில் தன்யாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாங்க. நான் நடையில், ரூமுக்கும் பின்கட்டுக்கும் நடுவில். பின்னால் அம்மா கல் மேல்.

பீரோவுக்குள் அதிர ஆரம்பித்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. நின்றது. மறுபடி. அம்மாவால் வைக்க முடியவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அண்ணிக்கும் தெரிந்திருக்கும், நான் நேற்றே சொல்லியிருந்தேன். சீப்பைத் தன்யா தலையிலேயே விட்டுவிட்டு எழுந்து பீரோவைத் திறந்தாங்க. ஃபோனை எடுத்துக் காதில் வைத்தாங்க.

"அத்தம்மா."

பின்கட்டில் அம்மா கல்லை விட்டு எழுந்து நின்றுவிட்டாள்.

"யாரு?"

"நான் பத்மா, அத்தம்மா."

"நீ எங்கேர்ந்து பேசற?"

"உள்ள ரூம்லேர்ந்து."

தெருவில் பம்பை. அப்புறம் அம்மா: "அது ஊட்லயேவா கீது?"

"ஆங், அத்தம்மா."

அம்மா கட் பண்ணவில்லை. ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நடந்து வந்தாள். சமையலறையைத் தாண்டி, என்னைத் தாண்டி, ரூம் வாசல் வரை. அண்ணியும் காதிலிருந்து எடுக்கவில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே, காதில் ஃபோனோடு.

"பாட்டி எதிர்லதானே நிக்கிறாங்க? எதுக்கும்மா ஃபோன்ல பேசறீங்க?" என்றாள் தன்யா.

அம்மா கையை நீட்டினாள். அண்ணி கொடுத்தாங்க. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அண்ணன் ஃபோனை மடியில் வைத்து, திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ரயிலோட போச்சுன்னு நெனச்சிகினு இருந்தேன். சீட்டுக்கு அடியில எங்கனா மாட்டிகினு கீது, யாரும் பாக்கல, ரயிலு போவும்போதும் வரும்போதும் அதுவும் போய் வந்துகினு கீது, நான் பண்ணா அங்க அடிக்குதுன்னு. கூமுட்டை மாதிரி. அவன் போய் வந்துகினு கீறா மாதிரியே இருக்கும்."

அண்ணி பக்கம் திரும்பினாள்.

"தெனம் நீதான் சார்ஜ் போட்டியா?"

"ஆங்."

"நான் பண்றது உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தம்மா."

"இன்னாத்துக்கு சொல்லல?"

"சொன்னா நீங்க பண்ண மாட்டீங்க."

அம்மா அண்ணி கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். மாசியிலிருந்து இவர்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. ஒருத்தி அழும்போது இன்னொருத்தி எழுந்து போய்விடுவாள். இன்றைக்கு இரண்டு பேரும் போகவில்லை.

இனியும் சொல்லாமலிருந்தால் நான் மனுஷியே இல்லை என்று, வாசற்படியில் நின்றே சொன்னேன். "பாட்டு நின்னது என்னாலம்மா. வேலைக்காக எடுத்தேன். கை தவறிப் பட்டுடுச்சு. டவர்லாம் இல்ல."

அம்மா என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஃபோனைப் பார்த்தபடி சொன்னாள்:

"அவன் போறத யாராலயும் நிறுத்த முடியல. இவ பாட்ட நிறுத்திட்டாளாம்."

அதற்கப்புறம் நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.


ஆகஸ்ட் 18, திங்கள்

மழை. தெப்பம் கடைசி நாள். நாங்கள் போகவில்லை.

ஷ்யாமோடு சண்டை. தொட்டதும் வரி நகரக் கூடாது, தப்பாகத் தொட்டால் திரும்ப எடுக்க ஒரு வழி இருக்கணும், கொஞ்ச நாள் அவகாசமாவது வேணும் என்றேன்.

"ரெண்டாவது கேள்வி கேட்டா பாதிப் பேர் பாதியிலேயே விட்டுட்டுப் போவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

"டெஸ்ட்ல ஏதாவது ஆச்சா?"

"ஆச்சு."

என்ன என்று கேட்டார். ஒரு சந்தா தவறிப் போய் நின்றுவிட்டது, திரும்ப எடுக்க முடியவில்லை என்றேன். "ஓ, பெருசா ஒண்ணும் இல்லையே?" இல்லை என்றேன். வரி நகர்வதை நிறுத்திவிடலாம், திரும்ப எடுக்கிற வழி அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று முடிந்தது. அடுத்த பதிப்பு எப்போது? அவருக்கே தெரியாது.

மதியம் அம்மா என் தட்டில் ரசம் ஊற்றினாள். "உப்பு போதுமா?" சனிக்கிழமைக்கு அப்புறம் முதல் வார்த்தை. போதும் என்றேன். போதவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணியைக் கூப்பிட்டாள். "புதங்கெழம நல்ல நாளு. நீ கெளம்பு. கொழந்தைய நல்லா படிக்க வை."

அண்ணி நின்றுகொண்டே இருந்தாங்க.

"நான் பேசினத மனசுல வெச்சுக்காத. பேத்தி போறாளேன்னு பேசிட்டேன். இந்த ரூமுக்குள்ளயே இருந்தா நீயும் என்னை மாதிரி ஆயிடுவ. ஃபோனையும் எடுத்துகினு போ. அவன் ஃபோட்டோலாம் அதுலதான் கீது."

"நம்பரு, அத்தம்மா?"

அம்மா யோசித்தாள். "இருந்தா நான் பண்ணிகினே இருப்பேன்."

"நான் எடுக்கறேன்."

"வேணாம். நீ உன் நம்பர்லேர்ந்து பேசு."

அண்ணி என்னிடம், "ரீசார்ஜ் பண்ணாம விட்டுடறேன் வனி. தானா போயிடும்" என்றாங்க. சரி என்றேன்.

தன்யாவின் பல் விழுந்தது, மாம்பழத்தோடு. விழுங்கிவிட்டாளோ என்று பெரிய கலவரம். தட்டிலேயே கிடந்தது.


ஆகஸ்ட் 20, புதன்

பெட்டி இரண்டு, பை நாலு, தன்யாவின் சைக்கிள். சைக்கிளை பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றார் கண்டக்டர். லோகேஷ் தெலுங்கில் கெஞ்சி மேலே கட்டினான்.

தன்யா ஜன்னல் சீட். "அத்தை, லீவுக்கு வரும்போது நைனா ரூம்ல நான் படுத்துக்குவேன், நீ படுக்கக் கூடாது." சரிடி என்றேன். அண்ணி என் கையைப் பிடித்து, "அத்தம்மா சாப்டலன்னா எனக்குப் பண்ணு" என்றாங்க. பிறகு பஸ் கிளம்பிய பிறகும் ஏதோ சொன்னாங்க. இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. கையாட்டினேன்.

அம்மா பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. வாசலிலேயே தன்யாவைத் தூக்கி இறக்கிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து வேலை பார்த்தேன். மூன்று மீட்டிங். என்ன பேசினேனோ.

சாயங்காலம் அம்மா சமையலறையிலிருந்து, "வனிதா, அவ ரூம்ல லைட்டு எரியுது பாரு. அணைச்சுட்டு வா."

போனேன். லைட் எரியவில்லை. மேற்கு ஜன்னல் திரையை அண்ணி துவைத்து மடித்துக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போயிருக்காங்க. வெயில் நேராக உள்ளே வந்து, காலி பீரோ, கட்டில், சுவர் எல்லாம் மஞ்சளாக. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

"அணைச்சியா?"

"ஆங். அணைச்சுட்டேன்மா."